மர்ஹூம் விட்டுச் சென்ற துப்பாக்கி யாருக்குச் சொந்தம்?

வீடு, நிலம், நகை, கறவை மாடு ஆகியவற்றின் மீராஸைப் பற்றி நமக்கு மாதந்தோறும் கடிதங்கள் வருவதுண்டு. துப்பாக்கியின் மீராஸைப் பற்றிக் கடிதம் வந்தது இதுவே முதல் தடவை. தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அதன் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

அவருடைய நெடுநாளைய நண்பர், புளி வியாபாரி, மௌத்தாகி ஓராண்டுக்கு மேலாகிறது. மர்ஹூமுக்குத் துப்பாக்கிகளின் மேல் ஒரு பிரியம் இருந்தது. முறையான உரிமத்தோடு மூன்று வைத்திருந்தார். 2019ஆம் வருடம் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வந்ததும் ஒன்றை ஒப்படைத்து விட்டார். எஞ்சிய இரண்டும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிகள், சீமையில் செய்தவை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்று போனதால், அப்படிப்பட்ட பழைய சரக்குக்குத் தனி மதிப்பு உண்டு. மர்ஹூமுக்கு மனைவி, இரண்டு ஆண் மக்கள், வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகள் ஆகியோர் வாரிசுகள். மூத்த மகன் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தாயிடமும் தம்பியிடமும் தங்கையிடமும் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் பெற்று, துப்பாக்கிகளுக்குத் தம் பெயரில் உரிமம் எடுத்து விட்டார். இப்போது இரண்டையும் நம் வாசகருக்கு விற்க விரும்புகிறார். வாசகரிடம் ஏற்கெனவே உரிமம் இருக்கிறது. விலை 80,000 ரூபாய். "வீட்டுச் சுவரில் பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று தொங்குகிறது, அதையும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் பாய்" என்றும் மூத்தவர் சொல்லியிருக்கிறார்.

வாசகரின் கேள்வி இதுதான்: "சர்க்கார் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. மார்க்கப்படி நான் பார்க்க வேண்டியது இதில் ஏதேனும் உண்டா?"

உண்டு என்பதே நம் எண்ணம். ஆனால் அதற்கு முன்னால் சர்க்கார் சட்டத்தையே கொஞ்சம் பார்த்துவிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் காகிதம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் பலர் அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று படிப்பதில்லை.

நம் நாட்டில் நடப்பிலிருப்பது 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம். அதன்படி உரிமம் என்பது துப்பாக்கிக்குக் கொடுக்கப்படுவதன்று, மனிதருக்குக் கொடுக்கப்படுவது. உரிமம் பெற்றவர் கண்ணை மூடியவுடன், புத்தகத்தில் இன்னும் மூன்றாண்டுக் காலம் பாக்கியிருந்தாலும், அந்த உரிமம் அவரோடு முடிந்தது. வீட்டிலிருக்கும் துப்பாக்கியை வாரிசுகள் யாரும் தம் வசத்தில் வைத்துக்கொள்ள அதனால் அதிகாரம் வராது. தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு. தோட்டாவும் அப்படியே. பீரோவின் அடித்தட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும் பத்துத் தோட்டாக்களை எத்தனை வீடுகளில் மறந்து விடுகிறார்கள்! உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019ஆம் வருடத் திருத்தத்துக்குப் பின் சாதாரணமாக இரண்டாண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டு வரையிலும் சிறையும் அபராதமும் உண்டு. அதே பிரிவின் கீழ்த் தோட்டாவுக்கும் வழக்கு வரும்.

ஒப்படைத்து விட்டால் பொருள் சர்க்காருக்குப் போய்விடும் என்று பயந்து ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஒப்படைத்தவர்கள், விதிக்கப்பட்ட காலத்துக்குள் தாங்களே உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். இல்லையேல், வைத்திருக்கத் தகுதியுள்ள வேறொருவருக்கு விற்கச் செய்து பணத்தைப் பெற்றுக் கொள்ளலாம். இரண்டும் செய்யாமல் காலத்தைக் கடத்தினால்தான் சர்க்கார் அதைப் பறிமுதல் செய்ய முடியும்.

வாரிசு ஒருவர் உரிமம் கேட்டால் 2016ஆம் வருடத்து ஆயுத விதிகள் அதற்கு வழி சொல்கின்றன. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை வேண்டும். காவல்துறையின் அறிக்கை வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். தகப்பனாருக்கு இருந்தது என்பதற்காக மகனுக்குத் தானாக வந்துவிடாது. பரம்பரைச் சொத்து என்று சொன்னாலும் இரண்டு என்ற எல்லையைத் தாண்ட முடியாது. 1983இல் மூன்று என்று எல்லை கட்டினார்கள். 2019இல் அது இரண்டாயிற்று. ஆகவே ஐந்தாறு துப்பாக்கிகள் உள்ள ஒரு சேகரத்தை ஒரே தனி ஆள் மொத்தமாக வாங்குவது இன்று நடவாத காரியம். துப்பாக்கி வியாபாரி வாங்கலாம். அல்லது உரிமமுள்ள பலர் பிரித்து வாங்கலாம்.

ஒரு தனி மனிதர் தம்மிடமுள்ள துப்பாக்கியை மற்றொருவருக்கு விற்பதாயிருந்தால், யாருக்கு விற்கப் போகிறார் என்பதைப் பெயர் முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரின் உரிமத்தில் அந்த வகைத் துப்பாக்கிக்கு இடமிருக்க வேண்டும். குழலில் பொறித்துள்ள எண்ணும் உரிமத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கொள்ள வேண்டும். எண் இல்லாததும், எண் சுரண்டப்பட்டதும் கையால் தொடத் தகாதவை. இவ்வளவையும் நம் வாசகர் செய்திருக்கிறார், அல்லது செய்து கொண்டிருக்கிறார். பாராட்டுகிறோம்.

சுவரில் தொங்கும் அந்த மூன்றாவதை மட்டும் அவர் சரியாகக் கவனிக்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அந்நாளில் பாரமஹால் என்று பெயர் பெற்று மைசூர் அரசின் கீழ் இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் திப்பு சுல்தான் அதைக் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதனால் இப்பக்கத்துக் குடும்பங்களில் முன்வாயில் மருந்து இடித்துச் சுடும் பழைய துப்பாக்கி எது இருந்தாலும் அதற்குத் திப்பு காலத்துப் பெருமை ஒன்று ஏறிக்கொள்கிறது. பெருமை இருக்கட்டும். பழமையானது, பழுதானது என்பதால் மட்டும் சட்டம் அதை விட்டுவிடுவதில்லை. எந்த ரிப்பேர் செய்தாலும் இனிச் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு. கொல்லன் பட்டறையில் அரை நாள் வேலை செய்தால் சுடும் என்றால், அது இன்றும் துப்பாக்கிதான், உரிமமில்லாத துப்பாக்கி. அதை விற்பது எப்படிக் குற்றமோ அப்படியே 'சும்மா' கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்து விடுங்கள் என்று காவல்துறையும் வனத்துறையும் நம் மாவட்டத்து மலையோரக் கிராமங்களில் பலமுறை அறிவித்திருக்கின்றன. மூத்தவர் செய்யத்தக்கது அதைத் தாமே கொண்டுபோய் ஒப்படைப்பதுதான். நம் வாசகர் அதன்மேல் ஆசை வைக்க வேண்டாம்.

இந்த இடத்தில் சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் நம்மை நிராயுதபாணியாக்கப் போட்ட சட்டம், என் பாட்டன் சொத்தை நான் வைத்திருக்க எவரைக் கேட்க வேண்டும்?" என்று வாதிப்பதைக் கேட்டிருக்கிறோம். 1878இல் போடப்பட்ட சட்டம் அப்படிப்பட்டதே. ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்குக் கட்டுப்பாடுமாக இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டு நம் நாட்டுப் பாராளுமன்றம் இயற்றியதுதான் 1959ஆம் வருடத்துச் சட்டம். எல்லைக்கு அப்பால் குடகு நாட்டில் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் இன்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சலுகை உண்டு. 2019இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. அது அவர்களுக்குரியது. அதைக் காட்டி நாம் வாதாட முடியாது.

மார்க்க ரீதியாகவும் அந்த வாதம் நிற்காது. அல்லாஹ் ஹராமாக்காத ஒரு விஷயத்தில், பொதுமக்களின் உயிரைக் காக்க ஆட்சியாளர் ஒரு நிபந்தனை வைத்தால் அதற்குக் கட்டுப்படுவது கடமை என்றே நம் மார்க்க அறிஞர்கள் கூறி வந்திருக்கிறார்கள். மேலும், உரிமம் வாங்குகிற முஸ்லிம் அதன் நிபந்தனைகளுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன்தான் திருமறையின் அல்மாயிதா சூரா தொடங்குகிறது.

அந்த நிபந்தனைகள் எதற்காக என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தவறுதலாக நிகழும் கொலைக்கு ஃபிக்ஹு கிதாபுகள் என்ன உதாரணம் காட்டுகின்றன தெரியுமா? வேட்டைப் பிராணி என்று எண்ணி எய்தான், அது மனிதனாக இருந்தது என்பதே அந்த உதாரணம். காட்டுப்பன்றி என்று நினைத்து இருட்டில் சுடுகிற கதை பென்னாகரத்து மலையோரத்தில் புதிதாகத் தோன்றியதன்று. நம் இமாம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே அதை எழுதி வைத்து விட்டார்கள். அதற்குத் தியாவும் உண்டு, கஃப்பாராவும் உண்டு. அடிமையை உரிமை விடும் காலம் போய்விட்ட இன்று, விடாமல் இரண்டு மாத நோன்பு. ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி விளையாட்டாகக் கூட நீட்டக் கூடாது என்றும், உருவிய வாளை அப்படியே கைமாற்றக் கூடாது என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சட்டத்தின் எண்ணும் பதிவும் அந்தத் தடுப்புக்குத் துணை நிற்பவையே.

சர்க்கார் சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். இதற்கு மேல்தான் வாசகரின் உண்மையான கேள்வி இருக்கிறது.

சட்டம் கேட்பது, இந்தத் துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம் என்பது. ஷரீஅத் கேட்பது, இது யாருடையது என்பது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். பொருள் ஒருவர் கையிலும் சொந்தம் வேறொருவரிடமும் இருப்பது உலகத்தில் புதிதல்ல. ஆயுதத்தைக் கொண்டே இதற்கு இரண்டு சான்றுகள் பெருமானார் (ஸல்) அவர்களின் சரித்திரத்தில் இருக்கின்றன. ஹுனைன் யுத்தத்துக்குப் புறப்படுமுன் ஸஃப்வான் இப்னு உமையாவிடமிருந்து கவசங்களைக் கேட்டு வாங்கினார்கள். மக்கா வெற்றி கொள்ளப்பட்டுவிட்ட நேரம் அது. ஸஃப்வானோ அப்போது இஸ்லாத்துக்கு வராதவர். பலாத்காரமாக எடுத்துக் கொள்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, இல்லை, பொறுப்பேற்றுப் பெறும் இரவல் என்று பதில் அளித்தார்கள். அதிகாரம் முழுவதும் கையில் இருந்தும், கைக்கு வந்த கவசம் ஸஃப்வானுடையதாகவே இருந்தது. இன்னொன்று, அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய இரும்புக் கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. அங்கே பொருள் பிறர் கையில், சொந்தம் நாயகத்துடையது. நபிமார்களின் சொத்து வாரிசுகளுக்குப் போவதில்லை என்பதால் அன்னாரின் ஆயுதங்கள் பங்கிடப்படவில்லை. நம்மைப் போன்றவர்களின் சொத்து அப்படியன்று.

மர்ஹூமின் மூச்சு நின்ற அந்த நொடியில் அவருடைய இரண்டு துப்பாக்கிகளும் எல்லா வாரிசுகளுக்கும் கூட்டுச் சொத்தாகி விட்டன. காவல் நிலையத்து அறையில் பூட்டப்பட்டிருந்த நாட்களிலும் அப்படியே. மூத்தவர் பெயருக்கு உரிமம் மாறிய நாளிலும் அப்படியே. உரிமம் சொந்தத்தை உண்டாக்கவுமில்லை, சொந்தத்தை அழிக்கவுமில்லை.

பங்குக் கணக்கு கடினமானதன்று. கஃபன் தஃபன் செலவும், கடனும், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத்தும் முதலில் கழிய வேண்டும். கடன் என்னும்போது, மனைவிக்குக் கொடுபடாமல் நின்ற மஹரும் கடனே. அதைக் கடனாகவே எண்ணாத ஆண்கள் அநேகம். பிறகு, அந்நிஸா சூராவின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்தபடி மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மர்ஹூமின் பெற்றோர் முன்பே காலமாகி விட்டதாக வாசகர் எழுதுகிறார். ஆகவே கடனும் வஸிய்யத்தும் தீர்ந்திருந்தால் 80,000 ரூபாயில் தாய்க்கு 10,000. மகன்கள் இருவருக்கும் தலைக்கு 28,000. வாணியம்பாடியில் இருக்கும் மகளுக்கு 14,000. மூத்தவர் விற்கலாம், ஆனால் அவருக்குச் சொந்தமானது நாற்பதில் பதினான்கு பங்குதான்.

"அவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து விட்டார்களே!" என்று மூத்தவர் சொல்கிறாராம். இந்த ஒரு வார்த்தையில்தான் எத்தனையோ குடும்பங்களில் பெண்மக்களின் ஹக்கு மண்ணாகிப் போகிறது. துப்பாக்கியில் மட்டுமல்ல, பஸ் பர்மிட்டிலும் ரேஷன் கடை லைசென்ஸிலும் மின்சார இணைப்பிலும் கூட. எதற்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள்? அண்ணன் பெயரில் உரிமம் கொடுப்பதற்கு. ஒரு துப்பாக்கியை நான்கு பேர் வீட்டில் வைக்க முடியாது. யாராவது ஒருவர் வைத்திருக்கட்டும் என்று சம்மதித்தார்கள். அந்தத் தாளில் 'என் பங்கை அண்ணனுக்கு ஹிபா செய்து விட்டேன்' என்று ஓர் எழுத்தாவது இருக்கிறதா? இருக்காது. அதிகாரி அதைக் கேட்கவுமில்லை. கேட்காத கேள்விக்குக் கொடுக்காத பதிலை அந்தக் கையெழுத்திலிருந்து எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை கிடையாது.

அதிலும் தாயின் கையெழுத்து எப்போது வாங்கப்பட்டது? இத்தா முடியுமுன் என்று வாசகர் எழுதுகிறார். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியுலகத்தை மறந்து, அழுத கண்ணோடு இருக்கும் ஒரு பெண்ணிடம், "இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றால் என்ன ஏது என்றா கேட்பார்? மகன் கேட்கிறான், போட்டார். மகளும் அப்படித்தான். "உனக்கு எதற்குத் தங்கச்சி துப்பாக்கி?" என்று அண்ணன் சிரித்திருப்பார். "எனக்கு எதுக்கு அண்ணா" என்று அவளும் சிரித்திருப்பாள். துப்பாக்கி வேண்டாம் என்றது 14,000 ரூபாய் வேண்டாம் என்றதாகுமா? வெட்கத்துக்கு அஞ்சி, மனம் ஒப்பாமல் கொடுக்கப்படும் பொருளைப் பலாத்காரமாகப் பறித்த பொருளின் வரிசையிலேயே வைத்துப் பேசுகிறார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹனஃபி கிதாபுகளிலோ இன்னும் நுட்பமாக, வாரிசு ஒருவர் 'என் ஹக்கை விட்டுவிட்டேன்' என்று வாயால் சொன்னால் கூட அவருடைய மீராஸ் உரிமை போய்விடாது என்று காண்கிறோம். கொடுப்பதானால் ஹிபாவாகக் கொடுக்க வேண்டும். அல்லது ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விலகும் 'தகாருஜ்' முறையில், தெரிந்து, சம்மதித்து விலக வேண்டும்.

அப்படியானால் மூத்தவர் செய்யும் வியாபாரத்தின் கதி என்ன? பிறர் பங்கை அவர்கள் அனுமதியின்றி விற்பது, ஹனஃபி மத்ஹபில் அவர்களுடைய சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கும். சம்மதித்தால் செல்லும், மறுத்தால் அவர்கள் பங்கில் செல்லாது. ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல்லின்படியோ அவர்கள் பங்கில் அது ஆரம்பத்திலேயே பாத்திலானது. பின்னால் சம்மதித்தாலும் புதிதாக விற்றாக வேண்டும். நம் மாவட்டத்தில் ஹனஃபிகளே அதிகம் என்றாலும் இதில் எந்த மத்ஹபுக்காரரும் தப்பித்துக் கொள்ள வழியில்லை. முழு விலையையும் மூத்தவர் கையில் கொடுத்துத் துப்பாக்கியைத் தூக்கி வந்தாலும், வாணியம்பாடிப் பெண்மணி அதில் நாற்பதில் ஏழு பங்குக்குச் சொந்தக்காரியாகவே இருப்பார். சர்க்கார் புத்தகத்தில் அவர் பெயர் இராது, அவ்வளவே.

இதற்கு மறுப்பாக ஒரு நியாயமான வாதம் உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. வாங்குபவன் விற்பவனுடைய குடும்பக் கணக்கையெல்லாம் தோண்ட வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. தர்மபுரி உழவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறோம். "இது விளைந்த நிலம் உன் பங்கா, உன் அக்காவின் பங்கா?" என்று விசாரித்தா வாங்குகிறோம்? அப்படி விசாரிக்கத் தொடங்கினால் உலகத்தில் கொடுக்கல் வாங்கலே நின்று போகும். பொருள் எவன் கையில் இருக்கிறதோ அவனுடையது என்றே வெளித்தோற்றத்தில் கொள்ளலாம் என்பது ஃபுகஹாக்களின் தெளிவான தீர்ப்பு. ஒன்றும் அறியாமல் வாங்கியவர் மீது குற்றமில்லை. தோண்டித் துருவுவது சில சமயம் வஸ்வாஸாகவும் முடியும். இவையெல்லாம் சரியே.

ஆனால் நம் வாசகர் ஒன்றும் அறியாதவரா? மர்ஹூமின் ஜனாஸாவில் தோள் கொடுத்தவர். அந்த மகளின் நிக்காஹ் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். போகட்டும், அவர் முன்பின் அறியாத அந்நியராகவே இருக்கட்டும். கத்தரிக்காயைக் காகிதமில்லாமல் வாங்கலாம். துப்பாக்கியை வாங்க முடியாது. வாரிசுச் சான்றிதழைத் தாமே வாங்கிப் பார்த்ததாக எழுதுகிறார். அந்தத் தாளில் தாசில்தார் நான்கு பெயர்களை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அதைக் கண்ணால் படித்த பிறகு, இது ஒருவர் சொத்து என்று நினைத்தேன் என்று நாளை அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா? உலகில் மற்ற எந்தப் பண்டத்தைக் காட்டிலும் அதிகமாக, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாற்றைச் சுமந்துகொண்டு கைமாறுவது துப்பாக்கி. சர்க்கார் தன் பாதுகாப்புக்காக அந்த வரலாற்றை எழுதி வைக்கச் சொன்னது. அது ஒரு பெண்ணின் ஹக்குக்கும் சாட்சியாகிவிட்டது. அறியாமை ஒரு சலுகை. அறிந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அறிந்தும் அறியாதவர் போல் இருந்துகொள்ள எல்லோருக்கும் வரும் ஆசையைத்தான் நாம் பயப்படுகிறோம். நமக்கே அது வந்ததுண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த விதிகளில், உரிமதாரருக்கு எழுபது வயது ஆகிவிட்டால், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தால், உயிரோடிருக்கும்போதே தாம் விரும்பும் வாரிசுக்கு உரிமத்தை மாற்றிக்கொள்ளக் கேட்க இடமிருக்கிறது. வயதான தகப்பனார்கள் பலர் இந்த வழியை நாடுகிறார்கள். நல்லதுதான், மௌத்துக்குப் பின் வரும் சிக்கல் குறையும். ஆனால் உரிமத்தோடு பொருளையும் ஒரு மகனுக்கே கொடுத்து விடுவதாயிருந்தால், நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தகப்பனார் கதையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க வேண்டுமென்று அவர் கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று வினவி, இல்லை என்றதும் பெருமானார் (ஸல்) அவர்கள் சாட்சியாக மறுத்து விட்டார்கள். மகனுக்குச் சீமைத் துப்பாக்கி கொடுத்தால் மகளுக்கு அதற்கு ஈடாக என்ன கொடுத்தோம் என்று தகப்பனார் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

வாசகருக்கு நாம் எழுதிய பதிலில் மூன்று காரியங்களைச் சொன்னோம். சுவரில் தொங்குவதைத் தொட வேண்டாம். தாயிடமும் தம்பியிடமும் தங்கையிடமும், இன்ன துப்பாக்கி இன்ன விலைக்கு விற்கப்படுகிறது, உங்கள் பங்கு இவ்வளவு என்பதை எடுத்துச் சொல்லி, விற்பதற்கான சம்மதத்தைத் தனியே பெறும்படி மூத்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசகரும் ஒரு முறை தொலைபேசியில் அவர்களிடம் பேசிவிட வேண்டும். பணத்தை மொத்தமாக ஒரு கையில் கொடுக்காமல் நான்கு பேருடைய வங்கிக் கணக்கிலும் அவரவர் பங்கைக் கட்டிவிட வேண்டும். யாரேனும் தம் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், பணம் அவர் கைக்கு வந்த பின் அவர் மனதாரக் கொடுக்கட்டும். கையில் வராத பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. வந்த பிறகு கொடுப்பதில்தான் மனம் தெரியும்.

மூத்தவர் முதலில் கோபித்துக் கொண்டாராம். "என் குடும்பத்தைச் சந்தேகப்படுகிறீர்களா பாய்?" என்றாராம். ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவரே வந்து, தாய்க்கும் தம்பிக்கும் பணத்தைத் தனித்தனியே கட்டிவிடலாம், தங்கைக்கு மட்டும் நான் பிறகு பார்த்துக் கொள்கிறேன் என்றிருக்கிறார். வாசகர் அதற்கு ஒப்பவில்லை. வாணியம்பாடிக்குத் தாமே போன் செய்து பேசியிருக்கிறார். அத்தாவின் துப்பாக்கிக்கு விலையுண்டு என்பதே அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரியுமாம். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கணவரைக் குறித்துச் சொல்லியிருக்கிறார். கடிதம் அத்துடன் நிற்கிறது. 45 நாள் கெடு முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருக்கிறது.